சட்டைப்பையில் ஒரு துண்டுத்தாள்



பேச்சிழந்திருந்த சக்கரியாவிடம், பிள்ளைக்கு என்ன பெயர் என்று உறவினர் சைகையால் வினவியபோது, அவர் எழுதுபலகை ஒன்றைக் கேட்டார் என்கிறது லூக்கா நற்செய்தி. அது அவ்வீட்டில் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நம் இல்லங்களிலோ பேனாவைத் தேடி முடிப்பதற்குள் செய்தி சொல்ல வந்தவர் பேருந்து ஏறிவிடுகிறார்!

கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் சேசு சபைக் குருக்கள் 1895-இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். அங்கு வாழ்ந்த அங்லாத் அடிகளார் (1873–1953) பழனி மலைச் செடிகளை நீர்வண்ணத்தில் தீட்டிச் சென்றார். பின்னர் மலைமலையாய் ஏறியிறங்கிய மத்தேயு அடிகளார், இம்மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999-இல் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். செடிகளைப் பறித்து உலர்த்துவது மட்டுமே இவர்களுடைய பணி என்று எண்ணிவிடலாகாது. உலர்ந்த செடியில் பூவின் நிறம் மங்கும், மணம் அகலும், மரமாயின் அதன் உயரம் ஒட்டிய தாளில் தெரியவே தெரியாது. ஆகையால் பறித்த இடத்திலேயே நின்று எண், நாள், இடம், உயரம், நிறம், மணம், உள்ளூர்ப் பெயர் ஆகியவற்றைக் கள ஏட்டில் பதிவு செய்யவேண்டும். செடியில் கட்டும் சீட்டிலும் அதே எண் இருக்கவேண்டும். அக்குறிப்பு இன்றேல் செடி வெறும் சருகுதான்.

இக்காலத்தில் கைத்தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். அது நிறத்தைக் காட்டும், மறுக்கவில்லை. மணத்தைக் காட்டுமா? அந்தச் செடிக்குப் பாட்டி சொன்ன பெயரைக் காட்டுமா?

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்று சிறுவரும் அறிவர். 1838 முதலே பூத்த ஆண்டுகளைப் பலர் எழுதி வைத்ததால்தான் அக்கணக்கு ஐயமின்றி நிலைத்தது. 2018-இல் பூத்தபோது படம் எடுத்தோர் பலர். முதற்பூவை எந்தச் சரிவில், எந்த நாளில் கண்டோம் என்று குறித்தோர் எத்தனை பேர்? 2030-இல் பார்ப்போம்.

பூவாவது காத்திருக்கும். காய்ச்சல் காத்திராது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுகிறோம். “எத்தனை நாளாய்?” என்கிறார் அவர். தாய் மூன்று என்கிறாள். தந்தை ஐந்து என்கிறார். டெங்கு போன்ற நோயில் இது அற்ப வேறுபாடு அன்று. எந்தப் பரிசோதனை பயன்தரும் என்பது காய்ச்சல் கண்ட நாளைப் பொறுத்தது. மேலும், காய்ச்சல் தணியும் வேளையிலேயே, பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், ஆபத்து தலைதூக்கும். காய்ச்சல் தொடங்கிய நாள், நேரந்தோறும் கண்ட வெப்பம், கொடுத்த மருந்தின் பெயர், அளவு இவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். ஒவ்வாத மருந்து ஏதேனும் இருப்பின் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

விலையுயர்ந்த குறிப்பேடு எதுவும் வேண்டியதில்லை. ஒருபுறம் வெறுமையாயுள்ள தாள்களை நான்காய் மடித்து நூலால் தைத்தால் போதும். நம் மலையில் பேனாவைவிடப் பென்சிலே உத்தமம். மூடுபனியில் நனைந்தாலும் அதன் எழுத்து பரவாது. பெண்கள் சுருக்குப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்குச் சட்டைப்பை இருக்கிறது, அதில் பல் குத்தும் குச்சிக்கு மட்டும் இடம் ஒதுக்கவேண்டாம்.

இறுதியாக, உங்கள் குருக்களின் சார்பில் ஒரு விண்ணப்பம். நோயில்பூசுதலுக்கு ஆள் அனுப்பும்போது வாய்மொழியாக மட்டும் சொல்லியனுப்பாதீர்கள். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் இரவில் வழி கேட்க ஒருவரும் அகப்படமாட்டார். நோயாளியின் ஞானஸ்நானப் பெயர், வீட்டுக்குத் திரும்பும் இடத்தின் அடையாளம், தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். நோயாளியால் விழுங்க முடியுமா என்பதையும் அவசியம் எழுதுங்கள். நற்கருணையை எவ்விதம் எடுத்து வருவது என்று குருவானவர் கோயிலிலிருந்து புறப்படும்போதே அறிந்திருக்கவேண்டும்.