புகை இல்லை, தூசு உண்டு

கடைவாசல் படியை வெட்டவும், துருப்பிடித்த ஷட்டர் சட்டத்தை அறுக்கவும் பேட்டரியில் ஓடும் கட்டிங் மெஷின்கள் வந்துவிட்டன. பெட்ரோல் புகை இல்லை. ஒயர் இழுக்க வேண்டியதில்லை. ஆகவே கடையைத் திறந்து வைத்தபடியே வேலையை முடித்துவிடலாம் என்று வியாபாரிகள் பலர் எண்ணுகின்றனர். இதை நாம் ஏற்பதற்கில்லை.

புகைதான் இல்லையே தவிர, தூசு குறைவதில்லை. கான்கிரீட்டையும் கருங்கல்லையும் தண்ணீரின்றி அறுத்தால் சிலிக்கா தூசு கிளம்பும். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-இல் வகைப்படுத்தியது. சிலிகோசிஸ் வந்தால் குணப்படுத்த மருந்தில்லை. அதே தூசுதான் திறந்திருக்கும் அரிசி மூட்டையிலும் படிகிறது. இரும்பை அறுத்தாலோ தீப்பொறி பறக்கும். சாக்கும் அட்டைப்பெட்டியும் பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும்.

எனவே கடை விடுமுறை நாளில் வேலை வைப்போம். சரக்கை அப்புறப்படுத்துவோம். கல்லுக்கு டைமண்ட் பிளேடு, கூடவே தண்ணீர். இரும்புக்கு அதற்கென உள்ள டிஸ்க். டிஸ்க்கில் அச்சிட்ட வேக அளவு மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருத்தல் கூடாது. தொழிலாளிக்குக் கண்ணாடியும் முகக்கவசமும் உண்டா என்று பார்ப்போம். தண்ணீர் வைக்க நேரமாகும் என்றால் அவசரப்படுத்த வேண்டாம். அரை நாள் வியாபாரத்தை மறுநாள் ஈடுகட்டலாம். அவருடைய நுரையீரலை ஈடுகட்ட முடியாது.