உப்பும் சர்க்கரையும் ஒரு லிட்டர் நீரும்

கவிதையும் கதையும் நாட்டுப்பற்றும் மணக்க வேண்டிய ஆண்டு மலரில் வயிற்றுப்போக்குக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் அந்தச் சுளிப்பு மறைந்துவிடும். ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,40,000 பேர் இந்நோயால் மடிகின்றனர். நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு பேர்! இதைவிடப் பேச வேண்டிய பொருள் எது?

நான் வரலாறு பயில்பவன். 1971ஆம் ஆண்டுப் போரைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆனால் அதே ஆண்டில் மேற்கு வங்கத்தின் பங்காவ்ன் அகதிகள் முகாமில் நடந்த இன்னொரு போரை எந்தப் பாடநூலும் நமக்குச் சொல்லவில்லை. கிழக்கு வங்கத்திலிருந்து ஓடிவந்த மக்களிடையே காலரா பரவியது. நரம்பின் வழியே ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள் தீரும் நிலை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் அளந்து நீரில் கரைத்தார். அதை நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அவரது பராமரிப்பில் இருந்தவர்களிடையே இறப்பு நூற்றுக்கு நான்கு பேருக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் மறைந்தார். 2023இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டபோதுதான் நம்மில் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டோம்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. காலராக் கிருமி குடலில் ஒரு நஞ்சைக் கக்குகிறது என்பதைக் கல்கத்தாவின் சம்புநாத் டே 1959இல் நிறுவினார். அந்த நஞ்சால் உடலின் உப்பும் நீரும் குடலுக்குள் பெருகி வெளியேறுகின்றன. ஈ.கோலையின் சில வகைகளும் இதே வேலையைச் செய்கின்றன. வெறும் நீரைக் குடித்தால் அது போதிய அளவு உடலில் சேர்வதில்லை. ஆனால் உப்பும் குளுக்கோசும் சேர்ந்து நுழையும் வாயில் ஒன்று குடற்சுவரில் உண்டு. நோய் கண்டபோதும் அது மூடுவதில்லை. அவ்விரண்டும் கைகோத்து உள்ளே செல்ல, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. ஆகவே குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் பேதியன்று, நீர் வற்றுதலே.

நம் ஊர்களில் நடப்பதென்ன? "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று தண்ணீரை நிறுத்துகிறார்கள். பல் முளைக்கிறது, தானே நிற்கும் என்று காத்திருக்கிறார்கள். தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நம் பாட்டிமார்களை நான் பழிக்கவில்லை. உச்சிக்குழி விழுந்தால் ஆபத்து என்று கண்டறிந்தவர்கள் அவர்கள்தாம். நீர் வற்றியதன் அடையாளம் அது என்று இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. உப்பிட்ட அரிசிக் கஞ்சியைப் புகட்டியவர்களும் அவர்களே. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாமல், அந்தக் கஞ்சியை விட்டுவிடாமல், தண்ணீரை மறுக்கும் வழக்கத்தை மட்டும் கைவிட்டால் போதும்.

படித்தவர்கள் செய்வது இதனினும் மேலா? ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று எண்ணுகிறோம். மருந்துக் கடையில் நாமாகவே மாத்திரை கேட்கிறோம். குழந்தைகளின் பேதியில் பெரும்பகுதிக்குக் கிருமிக்கொல்லி மாத்திரை தேவையே இல்லை. ரோட்டா வைரஸ் போன்றவற்றின்மீது அது வேலை செய்வதும் இல்லை. மலத்தில் இரத்தம் கண்டால் அது ஷிகெல்லாவாக இருக்கலாம். அங்கே மாத்திரை தேவைதான். அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். பேதியைக் கட்டும் மாத்திரையோ குழந்தைகளுக்கு ஆபத்தானது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பேதி கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கே உப்புச் சர்க்கரைக் கரைசல் கிடைத்தது. துத்தநாக மாத்திரை கிடைத்தது ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கே. அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைப்பவை இவை!

வணிகமும் தன் பங்குக்கு விளையாடியது. சர்க்கரை மிகுந்த பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கி விற்பனையாயின. சர்க்கரை மிகுந்தால் அது நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை இன்னும் பெருக்கும். உரிய அளவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைச் சூடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது.

"குடிநீரும் கழிவறையும் சரியில்லாதபோது உப்புக் கரைசல் எந்த மூலைக்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலக்கப்படுகிறதா, குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் ஓடுகிறதா என்று கிராமசபையில் எழுந்து கேட்க வேண்டியது நம் கடமை. ஆனால் இன்றிரவு கண் குழிந்து கிடக்கும் குழந்தை புதுக் குழாய் வரும்வரை காத்திருக்குமா? கிணற்றைத் தூர் வாருவதும் வேண்டும்; விழுந்தவனைத் தூக்குவதும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போடலாகாது.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் ஆண்டுதோறும் கோவில் வாசலைப் பெருக்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். வரும் முகாமில் ஒரு நாளையாவது இதற்கு ஒதுக்கலாகாதா? வீடு வீடாகச் சென்று பொட்டலத்தை எப்படிக் கரைப்பது என்று செய்து காட்டுவோம். அதில் குறித்த அளவு நீரில் முழுவதையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். டம்ளரில் சிறிது சிறிதாகத் தூவக் கூடாது. பொட்டலம் இல்லாத வேளையில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தர வேண்டும். குழந்தை துவண்டு போனாலோ, குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் கழியாவிட்டாலோ, இரத்தம் போனாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

நம்மில் பலர் தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நம் பேச்சுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பை இதற்குப் பயன்படுத்தாமல் வேறு எதற்காகச் சேமித்து வைக்கப் போகிறோம்? பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் நாங்கள் வருவோம். கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது புத்தகப் பையில் இரண்டு பொட்டலங்களையும் எடுத்துச் செல்வோம், நண்பர்களே!