புள்ளிக்கு முன்னால் ஒரு சுழி



இதழ் தாமதம். காகித விலை, அச்சகக் கடன் என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இந்த முறையும் உண்டு. ஆனால் உண்மைக் காரணம் வேறு. இரண்டு மாதமாக மாலை நேரங்களில் இதழ் வேலை பார்க்கவில்லை. எங்கள் தெருவில் நர்ஸிங் இரண்டாமாண்டு படிக்கும் நான்கு பெண்களுக்குக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்துக் கணக்கு.

கவிதை எழுதுகிறவன், பேங்க் குமாஸ்தா, இவனுக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "மருந்தெல்லாம் புத்தகத்துல இருக்கு சித்தப்பா. புள்ளி வெச்ச கணக்குதான் வரமாட்டேங்குது. நீங்க தெனமும் அதத்தானே பாக்குறீங்க?" என்றாள் ஒருத்தி. சரியென்று உட்கார்ந்தேன். யார் யாருக்குப் பாடம் நடத்தினோம் என்பது இன்னும் தீரவில்லை.

முதல் நாள் கணக்கு இது. ஜென்டாமைசின் ஆம்பியூல் ஒன்றில் 2 மில்லி. அதற்குள் 80 மில்லிகிராம் மருந்து. குழந்தைக்கு 20 மில்லிகிராம் போட வேண்டும். எத்தனை மில்லி எடுப்பாய்? தேவையானதைக் கையில் இருப்பதால் வகு, அது எத்தனை மில்லியில் கரைந்திருக்கிறதோ அதால் பெருக்கு. அரை மில்லி. அந்தப் பெண் சரியாகத்தான் போட்டாள். ஆனால் நோட்டில் ".5" என்று எழுதினாள்.

புள்ளிக்கு முன்னால் ஒரு சுழி போடு என்றேன். 0.5 என்று எழுது. அவசரத்தில் எழுதிய புள்ளி மங்கிப்போனால் அடுத்த டியூட்டிக்கு வருகிறவள் 5 என்று படிப்பாள். பத்து மடங்கு. இதே காரணத்துக்காக 5 என்பதை 5.0 என்றும் எழுதாதே, அது 50 ஆகிவிடும். ஜென்டாமைசின் அளவு மீறினால் சிறுநீரகத்தையும் காதையும் அடிக்கும் மருந்து. அந்த 5 மில்லியை எடுக்க மூன்று ஆம்பியூல் உடைக்க வேண்டியிருக்கும். ஒரு குழந்தையின் ஒரு டோஸுக்கு இரண்டாவது ஆம்பியூலை உடைக்கப் போகும்போதே கை நிற்கணும். 'எங்கியோ தப்பு இருக்கு' என்று மனசு சொல்லணும். கணக்கைவிட முக்கியம் இந்தச் சந்தேகம்.

பேங்கில் காசோலைத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்கிறோம். ஒருத்தர் பதிந்ததை இன்னொருத்தர் சரிபார்க்காமல் பணம் போகாது. அப்படியும் தப்பு நடந்தால் எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்கிறோம். காசுக்கு இத்தனை காவல். நரம்பில் ஏற்றிய மருந்துக்கு எதிர்ப்பதிவு கிடையாது. சில மருந்துக்கு மாற்று மருந்து உண்டு, பலவற்றுக்கு இல்லை.

இன்சுலினைப் பாருங்கள். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் இங்கே புழங்குகிறது, 100 யூனிட் உள்ளதும் புழங்குகிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரைக்கும் இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கும், நோயாளி நினைவிழப்பார். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலும் பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். ட்ரிப்பில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டியதைக் கலக்காமல் நேரே ஏற்றினால் இதயம் நின்றுவிடும். லேபிளைப் படிப்பது என்பது வார்டில் உயிர்ப் பிரச்சினை.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தும் அந்தப் பெண்களுக்குத் தலைகீழாகத் தெரியும். ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறார்கள். 'ஏன்' என்று கேட்டால் நால்வரும் தரையைப் பார்க்கிறார்கள். இங்கேதான் நமது கேள்வி தொடங்குகிறது.

பிரசவ வார்டில் ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வருகிற தாய்க்கு மக்னீசியம் சல்பேட் போடுகிறார்கள். 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான மேக்பை ஆய்வு, இந்த மலிவான மருந்து வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டியது. அடுத்த டோஸுக்கு முன்னால் மூன்று சோதனை. முழங்காலில் தட்டினால் கால் துள்ளுகிறதா? மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா? சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது இறங்குகிறதா? புத்தகத்தில் இது வெறும் பட்டியல்.

காரணம் சொல்லிப் பாருங்கள். இந்த மருந்து நரம்பும் தசையும் பேசிக்கொள்வதைத் தணிக்கிறது. அளவு கூடினால் முதலில் முழங்கால் துள்ளல் போகும், இன்னும் கூடினால் மூச்சு நிற்கும். உடம்பைவிட்டு வெளியேற அதற்குச் சிறுநீரகத்தைத் தவிர வேறு வாசல் இல்லை. சிறுநீர் இறங்காவிட்டால் உள்ளேயே தேங்கும். அதனால்தான் கால், மூச்சு, மூத்திரம். மீறிப்போனால் மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட், பக்கத்திலேயே தயாராக இருக்கணும். இதைத் தமிழில் சொல்லி முடித்தபோது ஒரு பெண் கேட்டாள்: "இவ்வளவுதானா சித்தப்பா? இத ஏன் கிளாஸ்ல இப்பிடிச் சொல்லல?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

மருந்து உள்ளே போகிறது, பரவுகிறது, உருமாறுகிறது, வெளியேறுகிறது. மருந்தியலின் அடிப்படை இந்த நான்கு வினைச்சொற்கள். ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம் அரை ஆயுள். 100 என்பது 50, 25, 12.5, 6.25 என்று இறங்கி, ஐந்தாவது சுற்றில் மூன்று சொச்சம் மிஞ்சும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று சீட்டில் எழுதியிருப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்தவள் இரவு டோஸைத் தள்ளிப்போட மாட்டாள்.

ஏழைக்கு மருந்து கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிட மாட்டான் என்பது பழைய ஏச்சு. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம் அதைச் சோதித்துப் பார்த்தது. 193 நோயாளிகள். ஒரு பகுதியினர் தாம்பரம் சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, படுக்கையோடு. இன்னொரு பகுதியினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே. இரண்டு பக்கமும் அதே ஐசோனியாசிட், அதே பாஸ் மருந்து, ஓராண்டு. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் குணமானதும் சானடோரியத்துக்கு நெருக்கமாகவே இருந்தது. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. சோறு தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல. சரியான மருந்தைச் சரியான அளவில் கடைசிவரை கொண்டுசேர்த்தால் குடிசையிலும் நோய் தோற்கும் என்பதே பொருள்.

கொண்டுசேர்ப்பது யார்? நர்ஸ்தான். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் மூத்திரம் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதே என்று முதல் நாளே சொல்லும் நர்ஸ் ஒரு உயிரைக் காப்பாற்றுகிறாள். சொல்லாமல் விட்டால் அந்த மனிதன் ரத்தம் போகிறதென்று பயந்து மாத்திரையைக் குப்பையில் போடுவான்.

தோழர்களே, இது தேர்வில் பாஸாவது பற்றிய பேச்சு மட்டும் இல்லை. டாக்டர் எழுதுகிறார், மருந்தகம் கொடுக்கிறது, ஊசியை அழுத்துவது நர்ஸின் கை. சங்கிலியில் எங்கே தப்பு நடந்தாலும் பழி விழுவது கடைசிக் கையின்மேல். அந்தக் கை நம் தெருப் பெண்ணுடையது என்றால் கூடவே இன்னொரு வார்த்தையும் வரும். "கோட்டாவுல வந்ததுங்க, இப்பிடித்தான்." வார்டில் எத்தனை பேருக்கு ஒரே ஒருத்தி ஓடினாள், எத்தனை மணி நேரம் நின்றாள் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வைப்பது சங்கத்தின் வேலை, நம் எல்லோருடைய வேலை.

ஆனால் அதற்கு முன்னால் அவளுக்கு வேண்டிய ஆயுதம் ஒன்று உண்டு. சீட்டில் எழுதியிருப்பது தப்பாகத் தெரிந்தால், "சார், இந்த அளவ இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க, அதுவரைக்கும் நான் போட மாட்டேன்" என்று சொல்லும் துணிச்சல். அது எதிர்த்துப் பேசுவதல்ல, நர்ஸின் கடமை. அந்தத் துணிச்சல் கூட்டத்தில் கோஷம் போட்டு வராது. கணக்கு தெரிந்தால், காரணம் தெரிந்தால் வரும். தெரியாதவள் கீழ்ப்படிவாள். தெரிந்தவள் கேட்பாள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளைத் தேடிப் போங்கள. ஆசிரியராக இருப்பவர் தசமக் கணக்கு சொல்லிக்கொடுக்கட்டும். சீனியர் நர்ஸ் தோழர்கள் மாதம் ஒருநாள் காரணங்களைத் தமிழில் சொல்லட்டும். மருந்தின் பொதுப்பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். குரோசின், கால்பால், டோலோ எல்லாம் ஒரே பாராசிட்டமால்தான் என்று தெரியாமல் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் கெடுவது கல்லீரல்.

எங்கள் திண்ணையில் நான்கு பேர் இப்போது ஏழு பேராகிவிட்டார்கள். அடுத்த இதழும் தாமதமாகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று அந்தப் பெண் நோட்டைக் காட்டினாள். எல்லாப் புள்ளிக்கு முன்னாலும் அழுத்தமாக ஒரு சுழி.