நடு நாற்காலி

உயர்தர ஒலியமைப்பு வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனால் முதலில் நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் இருக்கும். இரண்டு ஸ்பீக்கர்கள், கேட்பவரின் தலை, மூன்றும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். அங்கே உட்கார்ந்தால்தான் குரல் நடுவே வந்து நிற்கும். ஓரடி நகர்ந்தால் பக்கத்துப் பெட்டிக்குள் சாய்ந்துவிடும். இது இயற்பியல், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த முனையில் எப்போதும் ஓர் ஆணே உட்கார்ந்திருப்பது இயற்பியல் அல்ல.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் உப்பிவிடும் என்று ஸ்பீக்கர்கள் மூன்றடி முன்னால் வந்தன. அத்தையின் கட்டில் பின்கட்டுக்குப் போனது. பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை அடக்கத் தடித்த திரைச்சீலைகள் வந்தன, துவைப்பது நான். நாற்காலிக்குப் பின்னால் மேடும் பள்ளமுமாக ஏதாவது இருந்தால் ஒலி சிதறி இதமாகும் என்று என் புத்தக அலமாரியும் அங்கே நகர்ந்தது. ஆய்வுக்காலத்தில் வயிற்றைக் கட்டிச் சேர்த்த சங்க இலக்கிய உரைகள்! "உன் புக்ஸ் நல்லா வேலை செய்யுது" என்றார் கணவர். என் முனைவர் பட்டத்துக்கு அவரிடமிருந்து கிடைத்த ஒரே பாராட்டு.

பிறகு அமைதி. அறையின் இரைச்சல் அடங்கினால்தான் நுணுக்கம் கேட்குமாம். மே மாதத்தில் மின்விசிறி நிற்கும். மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் அடிக்காது, இசைத்தட்டு சுழலும்போது நாங்கள் அடிவைத்து நடப்போம். லட்சங்களைக் கொட்டி வாங்கிய அமைப்பில் விலை கொடுக்காமல் கிடைத்த ஒரே உறுப்பு இந்த அமைதிதான். ஆம்ப்ளிஃபயருக்கு ரசீது உண்டு, இதற்குக் கிடையாது.

இந்தத் துறை எங்களுக்கு ஓர் அளவுகோலும் வைத்திருக்கிறது. 1983இல் அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் இதழில் அச்சேறிய 'வைஃப் அக்செப்டன்ஸ் ஃபேக்டர்'. இந்தப் பெட்டியை மனைவி எவ்வளவு சகிப்பாள் என்ற கணக்கு. மின்தடைக்கு ஓம், ஒலிக்கு டெசிபல், மனைவிக்கு இது. அவளுக்குக் கண் உண்டு, பெட்டி பெரிதென்று முகம் சுளிப்பாள் என்பதுவரை யோசித்தவர்களுக்கு அவளுக்குக் காதும் உண்டு என்பது தோன்றவில்லை.

ஆனால் புது ஸ்பீக்கர் வந்ததும் அவர்கள் சோதித்துப் பார்ப்பது பெண்குரலை வைத்துத்தான். இந்திய இசைத்தட்டின் தொடக்கமே பெண்குரல்தானே. 1902இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவுக் கூம்பின் முன் பாடினார் கௌஹர் ஜான். நம் பக்கம் கோயம்புத்தூர் தாயி. மைக் இல்லாத காலம், கூம்புக்குள் குரலை உரக்கச் செலுத்த வேண்டும். அப்படிப் பாடியவர்களின் பேத்திகள் இன்று பாட்டு முடியும்வரை அடுக்களையில் கரண்டியைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகியிருக்கிறோம். கேட்டால், "உனக்கு ஹெட்ஃபோன் வாங்கித் தர்றேன்" என்கிறார்கள்.

எனக்கு ஹெட்ஃபோன் வேண்டாம். நாற்காலிதான் வேண்டும்.

சென்ற மாதம் அவர் வெளியூர் போயிருந்தபோது உட்கார்ந்தேன். எல்லாம் அவர் உயரத்துக்கு அமைத்தது, என் காது தாழ்ந்திருந்தது. அலமாரியிலிருந்து அகராதித் தொகுதிகள் இரண்டை எடுத்துக் கீழே போட்டு ஏறி அமர்ந்தேன். எம்.எஸ். அடுத்த அடிக்கு முன் மூச்சிழுப்பது கேட்டது. இருபது வருடமாக அதே வீட்டில் அதே தட்டு, அந்த மூச்சை நான் கேட்டதே இல்லை.

அவர் பையுடன் உள்ளே வந்தபோது தட்டு பாதியில் இருந்தது. நான் எழவில்லை. "மூணு விசில் வந்ததும் அடுப்ப அணைச்சிருங்க" என்றேன்.