ரெண்டு இஞ்சு உசரம்

அருப்புக்கோட்டை டவுன்ல அரை நாள் நின்னு பார்த்தா தெரியும், ஜீப்புக்கு மறுபடியும் காலம் வந்துருச்சு. ஒரு காலத்துல ஆளேத்தி ஓடிக்கிட்டிருந்த பழைய மஹிந்திரா வண்டிகளை இளவட்டங்க தேடிப் பிடிச்சு வாங்குறாங்க. கையில காசு இருக்கவங்க புது தார் எடுக்குறாங்க. எடுத்த மறுமாசமே அடுத்த ஆசை வந்துருது: டயரைப் பெருசாக்கணும், அதுக்கு வண்டியைத் தூக்கணும்.

என் அண்ணன் மகனும் அந்த ஆசையிலதான் இருக்கான். பழைய ஜீப்பு, முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங். "பாடி லிஃப்ட் பண்றதா, ஸ்பிரிங்ல தூக்குறதா, எது சித்தப்பா நல்லது?"ன்னு கேட்டான். இந்தப் பக்கம் வந்துட்டுப் போற நகரத்து நண்பர்கள் ரெண்டு மூணு பேரும் இதையே கேட்டிருக்கீங்க. அதனால எல்லாருக்கும் சேர்த்தே எழுதிடுறேன்.

முதல்ல ஒண்ணைத் தெளிவா வச்சுக்குவோம். வண்டியைத் தூக்குறது வேற, வண்டிக்கு அடியில இடம் கிடைக்கிறது வேற. ஜீப்புல தரைக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறது பின் அச்சுக்கு நடுவுல தொங்குற கிரவுன் குண்டு. நீங்க ஸ்பிரிங்கைத் தூக்குங்க, பாடியைத் தூக்குங்க, அந்தக் குண்டு இருந்த இடத்துலயேதான் இருக்கும். அதை உசத்தக்கூடியது டயர் மட்டும்தான், அதுவும் பாதி கணக்குல. 215/75 ஆர் 15 டயரோட உசரம் கிட்டத்தட்ட 27.7 இஞ்சு. அதை எடுத்துட்டு 31 இஞ்சு டயர் போட்டா அச்சு எழும்புறது ஒண்ணரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான். தூக்குற வேலையெல்லாம் அந்த டயர் மட்கார்டுல உரசாம சுத்துறதுக்கு இடம் பண்றதுக்குத்தான்.

இப்போ ரெண்டு வழியையும் பார்ப்போம். பாடி லிஃப்ட்னா சேஸுக்கும் பாடிக்கும் நடுவுல கட்டைகளைச் செருகி, நீளமான போல்ட்டு போட்டு முறுக்குறது. செலவு கம்மி, ஸ்பிரிங் குணம் மாறாது, ஓட்டுறப்போ பழைய வண்டி மாதிரியே இருக்கும். ஆனா பாடி மட்டும் மேல போகுது, சேஸும் இன்ஜினும் கீழயே கிடக்குது. ஸ்டியரிங் ராடு, கியர் லிவர், ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் பைப் எல்லாம் எட்டுதா, இழுபடுதான்னு ஒவ்வொண்ணா பார்க்கணும். பாக்காம விட்டா எங்கயாவது ஒரு இடத்துல கழண்டுரும். எனக்கு இது பிடிக்கல. அடியில ஒண்ணும் கூடாம தலைமட்டும் கனக்கிற வேலை.

ஸ்பிரிங்ல தூக்குறதுலயும் நாலு விதம் இருக்கு. பட்டை செட்டுல கூட ஒரு பட்டை சேர்க்கலாம். நீளமான சக்கிள் மாட்டலாம். இதுல ரெண்டு இஞ்சு நீட்டினா உசரம் ஒரு இஞ்சுதான் வரும், ஏன்னா பட்டையோட ஒரு முனைதானே இறங்குது. முன் அச்சுல அப்படி நீட்டினா அச்சோட சாய்மானம் மாறிரும், ஸ்டியரிங் அலையும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல இரும்புக் கட்டை வைக்கிறவங்களும் உண்டு. பின்னாடி வச்சாலும் யூ போல்ட்டு தளராம பார்த்துக்கணும், முன்னாடி மட்டும் எவன் சொன்னாலும் வைக்காதீங்க. பிரேக் அடிக்கிறப்போ அந்தக் கட்டை நகண்டா வண்டி எங்க போகும்னு சொல்ல முடியாது. கடைசி வழி, அச்சுக்கு அடியில கிடக்கிற பட்டையை அச்சுக்கு மேல மாத்துறது. ஒரேயடியா நாலு அஞ்சு இஞ்சு கிடைக்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டோட கோணம் கெட்டு, கிராஸ் போய்க்கிட்டே இருக்கும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. எங்க ஊருக்குன்னு வேற சங்கதி இருக்கு, அது கரிசல்.

மழை பேஞ்ச கரிசல்ல நீங்க நடந்து பார்த்திருந்தா தெரியும், பத்து எட்டு வைக்கிறதுக்குள்ள செருப்பு ரெண்டு கிலோ ஆயிரும். டயர்லயும் அப்படித்தான் அப்பும். அப்புன களி டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல போய் அடைச்சு, பிரேக் பிடிச்ச மாதிரி சக்கரம் நின்னுரும். மழைக்காலத்துல பைக்கோட முன் மட்கார்டைக் கழட்டி வச்சுட்டுக் காட்டுக்குப் போற ஆட்கள் இங்க இருக்காங்க (காடுன்னா மானாவாரி நிலம், மரம் இருக்காது). ஆக இங்க முக்கியம் டயரைச் சுத்தி இருக்கிற வெத்திடம். வண்டியை ரெண்டு இஞ்சு தூக்கி, அந்த ரெண்டு இஞ்சையும் பெரிய டயரால நெரப்பினா எங்க மண்ணுக்கு என்ன பிரயோசனம்?

அகலமான டயர் இன்னும் மோசம். முதல் மழைக்கு மேல் மண்தான் நனையும், அடி இறுகிக் கிடக்கும். ஒடுக்கமான டயர் சேத்தை அறுத்துக்கிட்டு அடி மண்ணைப் பிடிக்கும், அகல டயர் மேலயே வழுக்கும். அந்தக் காலத்து ஜீப்புல வந்த 6.00-16 டயரைப் பாருங்க, ஒல்லியா உசரமா இருக்கும். எங்க ஆசாரிமார் செஞ்ச மாட்டு வண்டிச் சக்கரமும் அப்படித்தான்: குடம், ஆரக்கால், வட்டை, மேல இரும்புப் பட்டா, நெஞ்சு உசரம், கையளவு கூட அகலம் கிடையாது. அதுக்கு மட்கார்டும் கிடையாது! பின்னால டயர் வண்டி வந்து ரோட்டுல சொகமா ஓடுச்சு, ஈரக்காட்டுல பொதைஞ்சு நின்னுச்சு.

குண்டாத்து மணல்ல வேற கணக்கு. அங்க காத்தைக் கொறச்சு டயரைத் தட்டையாக்குனா எந்த லிஃப்ட்டும் இல்லாமலே கடந்துரலாம். ஆனா அதே காத்தோட கரைக்கு ஏறிறக்கூடாது. சீமைக்கருவேல முள்ளு பிதுங்குன பக்கவாட்டுல ஏறுச்சுன்னா பஞ்சர் ஒட்டுறவரும் ஒண்ணும் பண்ண முடியாது.

உசரத்தைப் பத்தி எனக்குப் பயமே கண்மாய்க் கரையை நெனச்சுத்தான். கரை மேல பாதை ஒரு வண்டி அகலம், ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் மடை. மழையில ஓரம் அறுந்து ஒரு சக்கரம் இறங்கினா, உசத்துன வண்டி சீக்கிரம் சாயும். ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலின்னா அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது அண்ணன் மகனோட ஜீப்புதான். எங்க அம்மாவுக்கு இப்பவே அதுல ஏற முக்காலி போடணும். 31 இஞ்சு டயர்ல ஓட்டுனா மீட்டர் 60 காட்டுறப்போ வண்டி உண்மையில 67ல போகும், பிரேக்குக்கோ பழைய பலம்தான்.

சட்டத்தையும் சொல்லிடுறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி குறிச்சதுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில கேரள வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிருச்சு. அதே வருசம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் அஞ்சாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு. "எல்லாரும்தான் பண்றாங்க"ன்னான் அண்ணன் மகன். பண்றாங்கதான். நாளைக்கு வண்டியில ஏறுன ஆளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல டேப்பை எடுத்துக்கிட்டு வருவான்.

நான் அவனுக்குச் சொன்னது இது. உன் வண்டிப் பட்டை இருபது வருசமா பாரம் சுமந்து வளைவு செத்துக் கெடக்கு. தூக்குறதுக்கு முன்னாடி இழந்ததை மீட்டுக்க. பட்டறையில குடுத்து, பழைய வளைவுக்கு அடிச்சு வாங்கு, ஒடைஞ்ச பட்டையையும் புஷ்ஷையும் மாத்து, யூ போல்ட்டு புதுசு போடு. ஒரு இஞ்சோ ஒண்ணரை இஞ்சோ அதுலயே எழும்பும், அது வண்டியோட சொந்த உசரம். டயரு அதே அளவுல, முள்ளு தாங்குற மாதிரி தடிச்ச பூ உள்ளதா வாங்கு. புது தார் வச்சிருக்கவங்க அதுவும் செய்ய வேண்டாம். கம்பெனியே 226 மில்லிமீட்டர் இடைவெளி குடுத்திருக்கு, திருச்சுழிப் பக்கத்துக் காட்டுப்பாதைக்கு அது போதும்.

ஐப்பசி அடைமழையில நாலு நாள் ஊறுன கரிசலுக்குள்ள எந்த லிஃப்ட் பண்ணுன ஜீப்பும் போகாது, டிராக்டரே யோசிச்சுத்தான் இறங்கும். அப்போ வண்டியைத் தார் ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து வாங்க. பொதைஞ்சுட்டா இழுக்க நல்ல சங்கிலி ஒண்ணை மட்டும் சீட்டுக்கு அடியில போட்டு வச்சுக்கங்க, டிராக்டர் எங்க ஊர்ல இருக்கு.