திரை எழுதியது யார்?

நரை, திரை, மூப்பு என மூன்றையும் ஒருங்கு வைத்துக் கூறுதல் நம் நாட்டு வழக்கு. திரை என்பது கடலலைக்கும் பெயர். முகச் சுருக்கத்திற்கும் பெயர். மூப்பின் துணையாகவே திரையைக் கேட்டுப் பழகிய நாம், சுருங்கிய முகத்தைக் கண்டவுடனே அதற்குரியாரை முதியோர் என்று துணிந்துவிடுகின்றோம். அத்துணிபு பிழையென்பதே ஈண்டு நாம் கூறப் புகுவது.

சென்ற ஆண்டு எம் அன்னையார், தருமபுரியை அடுத்த எம் சிற்றூரினின்று விடுதிக்கு எம்மைக் காண வந்தனர். உடன்பயிலும் அன்பர் ஒருவர், "உம்முடைய பாட்டியாரோ?" என்று வினவினார். அன்னையார்க்கு அப்பொழுது வயது 43. நாம் விடை கூறாது வாளா இருந்தோம். அன்பர் வினாவில் குற்றமில்லை. எம் வாய்மூடலே குற்றம். அன்றுதொட்டு, அம்முகத்தில் திரை எழுதியது யார் என்று ஆராயலாயினோம்.

மேற்றோலின் கீழுள்ள உட்டோலில் கொலாஜன் என்னும் புரதநார் உறுதியையும், எலாஸ்டின் என்னும் நார் இழுத்தால் மீளும் தன்மையையும் தருகின்றன. இவற்றை ஆக்கும் உயிரணுக்கள் வயதேறத் தளர்கின்றன. இளமை கடந்தபின் தோலின் கொலாஜன் ஆண்டிற்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறையும் என்பர். மாதவிலக்கு நின்ற மகளிர்க்கு இக்குறைவு விரையும். முகத்தசைகள் தோலோடு பிணைந்திருத்தலின், நகுந்தோறும் சுளிக்குந்தோறும் தோல் மடிகின்றது. மடிந்த இடம் நாளடைவில் வரியாய் நிலைத்துவிடுகின்றது. இவை ஆண்டுகளின் தொழில்.

ஆயின் ஆண்டுகளினும் வலிய கை ஒன்றுண்டு, அது வெயில். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் கொலாஜனை அறுக்கும் நொதிகளைப் பெருக்குகின்றது. புதிய கொலாஜன் தோன்றுதலையும் தடுக்கின்றது. பீடிப் புகையும் இக்கேட்டிற்குத் துணை செய்யும். 2012-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழொன்று 69 வயதினர் ஒருவரின் படத்தை வெளியிட்டது. அவர் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். சன்னலை ஒட்டியிருந்த இடக்கன்னம் தடித்து ஆழச் சுருங்கியிருந்தது. வலக்கன்னம் அவ்வளவு சுருங்கவில்லை. இரு கன்னங்கட்கும் வயது ஒன்றேயன்றோ? தொப்பூர்க் கணவாயில் லாரி ஓட்டும் நம்மவர்க்குச் சன்னல் வலப்புறம் உள்ளது என்பதே வேற்றுமை.

இதற்குக் கடல்கடந்த சான்றும் வேண்டுவதில்லை. எம் அன்னையாரின் மேற்கையின் உட்புறம் இன்றும் வழுவழுப்பாயிருக்கின்றது. முகமோ உழுத புலம்போல் வரிபட்டுள்ளது. கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் மானாவாரிக் கொல்லைகளில் களையெடுத்த முகம் அது. தருமபுரிக்கு நேர் உச்சியில் ஞாயிறு ஆண்டில் இருமுறை நிற்கும். நம் தோலின் கருநிறமி ஓரளவு காக்குமேயன்றி முற்றுங் காவாது.

இத்தருமபுரியே பண்டைத் தகடூர். வாழ்நாளை நீட்டும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு அளித்த அதியமான் ஆண்ட நிலம். நெல்லியில் மிகுந்துள்ள வைட்டமின் சி கொலாஜன் உருவாவதற்கு இன்றியமையாதது என்பதை இன்றைய அறிவியல் கூறுகின்றது. எனினும் நெல்லியுண்டு விழுந்த திரையை அழித்தல் இயலாது. அதியமான் செயலில் நாம் கொள்ளத்தக்கது கனியின் ஆற்றலன்று. தனக்கு முன் பிறரை எண்ணிய பண்பே.

நாமோ முகம் வெளுக்கக் களிம்பு வாங்குகின்றோம். வெயிலில் நிற்பார்க்கு நிழல் தர எண்ணுகின்றிலோம். "நாட்கூலியால் வாழ்வோர் வெயிலுக்கு அஞ்சலாகுமோ?" எனின், அஞ்ச வேண்டுபவர் அவரல்லர், வேலை கொள்வோரே பொறுப்புடையார். விடியலில் வேலை தொடங்கி, உச்சிப்பொழுதில் கூலி குறையாது ஓய்வு தருதலும், கொல்லை வரப்பிலும் சாலை வேலையிடத்திலும் நிழல் அமைத்தலும், அகன்ற தொப்பி வழங்குதலும் அரிய செயல்களல்ல. நிலமுடைய குடும்பங்களிலிருந்து வந்து பயிலும் மாணவர் இதனைத் தத்தம் இல்லத்தில் முதற்கண் தொடங்குவாராக.

எமக்கும் ஒரு கடன் உண்டு. அன்னையார் மீண்டும் விடுதிக்கு வருவார். வினவுவார் வினவுமுன்னரே, "இவர் எம் தாயார்" என்று கூறுவோம்.