பெயரைப் பார்த்து டயர் வாங்காதீர்கள்!

"எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற டயர்."

இப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். நம்பி வாங்கி மாட்டுகிறார்கள். பனி விழுகிறது. பிரேக்கை மிதிக்கிறார்கள். கார் நிற்கவில்லை! சறுக்கிக்கொண்டே போய், முன்னால் நிற்கும் காரில் மோதுகிறது.

கனடா நாட்டின் டொரண்டோ நகரில், குளிர்காலம் வந்தால் இது சகஜம். அங்கே தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். பெரும்பாலோர் இலங்கையில் இருந்து போனவர்கள். பனியே விழாத ஊரில் பிறந்தவர்கள், அங்கே பனியில் கார் ஓட்டுகிறார்கள். ஆகவே, இது நம்மவர் உயிர் பற்றிய பேச்சு.

நாளுக்கு ஒரு வேஷம்

டொரண்டோ குளிர் ஒரே மாதிரி இருப்பதில்லை. காலையில் மழை. மாலையில் பனி. இரவில் ஈரம் உறைந்து, ரோடு கண்ணாடி போல ஆகிவிடும். இரண்டு நாள் கழித்து வெயில் அடிக்கும். எல்லாம் உருகி ஓடும். மறுபடியும் உறையும். மார்ச் வரை இதே கூத்துதான்.

இப்படிப்பட்ட ஊருக்கு எந்த டயர் நல்லது?

விறைக்கும் ரப்பர்

ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். ஒரு டன்னுக்கு மேல் கனக்கும் காரை, நான்கு உள்ளங்கைகள் பிடித்து நிறுத்த வேண்டும்! ரப்பர் மெத்தென்று இருந்தால்தான் பிடிக்கும். குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால், சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. பிடி தளர்கிறது.

குளிர்கால டயரின் ரப்பர் வேறு. கடுங்குளிரிலும் மெத்தென்று இருக்கும். அதில் உள்ள நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்வும். ஆனால், கோடையில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். எனவே, இரண்டு செட் டயர் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டும். கழற்றியதை வைக்க இடம் வேண்டும். அடுக்கு மாடியில் குடியிருப்பவர் எங்கே போவார்?

பெயர் ஒன்று, சரக்கு வேறு

இங்கேதான் "ஆல்-சீசன்" டயர் நுழைகிறது. குட்இயர் கம்பெனி 1977-ல் இந்த வகையை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. டயரின் பக்கத்தில் "எம்", "எஸ்" என்ற எழுத்துகள் இருக்கும். சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று பொருள். ஆனால், டயரின் வெட்டு அமைப்பை வைத்தே அந்த எழுத்துகளைப் போட்டுவிடலாம்! பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று "ஆல்-வெதர்" டயர். இதன் பக்கத்தில் ஒரு படம் இருக்கும். மூன்று சிகரம் கொண்ட மலை. அதற்குள் ஒரு பனிப்பூ. இந்த முத்திரை 1999-ல் வந்தது. பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே இது கிடைக்கும். குளிர்காலத்தில் பிடிக்கும். கோடையிலும் கழற்ற வேண்டியதில்லை.

சட்டம் வரும் வரை காத்திருப்பதா?

பக்கத்து மாகாணமான கியூபெக்கில், 2008 முதல் குளிர்கால டயர் கட்டாயம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அதைப் போட்டே ஆக வேண்டும். மலை முத்திரை உள்ள ஆல்-வெதர் டயரையும் அந்தச் சட்டம் ஏற்கிறது.

டொரண்டோ இருக்கும் ஒண்டாரியோவில் இப்படிக் கட்டாயம் இல்லை. சட்டம் இல்லை என்பதற்காகப் பனி சும்மா விடுமா? குளிர்கால டயர் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று அங்கே 2016-ல் விதி வந்தது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

யாருக்கு எது?

நகருக்குள் ஓட்டுகிறவர், பனியை உடனுக்குடன் வழித்துவிடும் ரோட்டில் போகிறவர், ஆல்-வெதர் டயர் போடலாம். அது போதும் என்பதே நம் கருத்து.

விடியுமுன் நெடுந்தூரம் வேலைக்குப் போகிறவர், வடக்கே கடுங்குளிர்ப் பக்கம் போகிறவர், சிக்கனம் பார்க்கக் கூடாது. தனிக் குளிர்கால டயர்தான் வேண்டும். மலை முத்திரை, பனியில் நடத்திய சோதனைக்குத்தான் கிடைக்கிறது. வழுக்கும் பனிக்கட்டிக்கு அது உத்தரவாதம் அல்ல.

"என் காரில் நான்கு சக்கரமும் இழுக்கும். எனக்கு எதற்குப் புது டயர்?" என்று சிலர் கேட்கிறார்கள். நான்கு சக்கர இழுப்பு, கார் கிளம்ப உதவும். நிற்க உதவாது. நிறுத்துவது டயர்தான்!

எதை வாங்கினாலும், நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். முன்னால் மட்டும் இரண்டு மாற்றினால், வளைவில் கார் பின்பக்கம் சுழன்றுவிடும். டயர் தயாரான தேதியையும் பாருங்கள். "3524" என்று இருந்தால், 2024-ம் ஆண்டின் 35-வது வாரம் என்று பொருள். வெட்டுகளின் ஆழம் 4 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், அந்த டயர் பனிக்கு ஆகாது. குளிர் கூடினால் டயரில் காற்றழுத்தம் குறையும். மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கடைக்காரர் ஆயிரம் சொல்லுவார். பெயரும் பளபளப்பாக இருக்கும். கொஞ்சம் குனிந்து டயரின் பக்கத்தைப் பாருங்கள்.

மலை இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால், எழுந்து அடுத்த கடைக்குப் போங்கள்!